இழுவைக் கணக்கில் விட்டுப்போனது

ஆனைமலைப் பக்கம் என் மச்சினன் தோப்பில் ஒரு சின்ன டிராக்டர் நிற்கிறது. கம்பெனிப் பெயர் கிடையாது, பதிவு எண் கிடையாது. தோப்பு வேலியைத் தாண்டி அது ரோட்டுக்கு வந்ததும் கிடையாது. கிணற்றடியில் சும்மா கிடந்த 10 குதிரைத்திறன் ஆயில் இன்ஜின், பழைய ஜீப்பின் கியர்பாக்ஸ், அதே ஜீப்பின் பின் ஆக்ஸில், யாரோ கழித்துப் போட்ட மினி டிராக்டர் சக்கரங்கள் என்று ஊரெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக் கட்டிய வண்டி. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அதற்குக் 'கதம்பம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் உறவில் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். அவனும் இப்படி ஒரு வண்டி கட்டிக்கொண்டிருக்கிறானாம். "மாமா, இழுவை பத்த மாட்டேங்குதுங்க. கியர மாத்துனா செரியாப் போகும்னு சொல்றாங்க. எப்படீன்னு சொல்லுங்க" என்றான். சொல்லிக் கொடுத்தேன். ஆனால் வழக்கமாக எல்லோரும் சொல்லும் பாதியோடு நிறுத்தவில்லை. மறு பாதியையும் சொன்னேன். அதை நான் படித்த விதம் கொஞ்சம் கசப்பானது. அதனால்தான் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1974-ல் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் அப்ரண்டிசாகச் சேர்ந்தவன் நான். 2011-ல் ஓய்வு பெற்றபோது கடைசி இருபது வருடம் கியர்பாக்ஸ், கிரவுன் பினியன் பக்கம்தான் இருந்தேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த ஏற்றத்தில் ஏறுகிற பஸ்ஸுக்கும், பொள்ளாச்சி - கோவை ரோட்டில் ஓடுகிற பஸ்ஸுக்கும் இன்ஜின் ஒன்றேதான். பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல் கணக்குதான் வேறு. மலை வண்டி மெதுவாகப் போகும், ஆனால் ஏறும். சமவெளி வண்டி பறக்கும், மலையில் திணறும். வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குவது, இழுவையைக் கொடுத்து வேகத்தை வாங்குவது. கியர் என்பது இந்தப் பண்டமாற்றுதான். கியர் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. முப்பத்தேழு வருடம் இதைச் செய்தவனுக்கு ஒரு சின்ன டிராக்டர் என்ன பெரிய காரியம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. கதை அங்கேதான் ஆரம்பம்.

மச்சினன் தோப்பு ஒரு ஓடைக்கரையில் ஆரம்பித்து மேடாக ஏறும். காய் போட்டால் எல்லாம் கீழே. உரிக்கும் களம் மேலே. இடையில் இருநூறு மீட்டர் மண்தடம். மரங்களுக்கு நடுவே கோகோ செடி, சொட்டுநீர்க் குழாய். பெரிய டிராக்டர் உள்ளே வந்தால் குழாயை மிதிக்காமல் போகாது. அதனால்தான் 2013-ல் மச்சினன் ஒரு வெல்டிங் பட்டறைக்காரரை வைத்துக் கதம்பத்தைக் கட்டினான். வெறும் வண்டியாக நன்றாக ஓடியது. சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தான். டிரெய்லரில் காயை ஏற்றி ஏற்றத்தில் விட்டதும் பத்தடி போய், 'டக்... டக்...' என்று இருமி நின்றுவிட்டது.

பட்டறைக்காரர் சொன்னது: "இன்ஜின் பத்தாதுங்க. இருபது குதிரை வெச்சா ஏறீரும்."

மச்சினன் என்னிடம் வந்தான். "ஏனுங் மச்சான், இன்ஜின மாத்தீரலாங்களா?"

"இரு மாப்ளே, மொதல்ல கணக்குப் போடுவோம்" என்றேன்.

அந்தக் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் சக்தி. 10 குதிரைக்கு 750 கிலோ. வண்டி நொடிக்கு ஒரு மீட்டர் போனால் 750 கிலோ இழுக்கலாம், இரண்டு மீட்டர் போனால் அதில் பாதி. அதனால் முதல் கேள்வி, முதல் கியரில் இந்த வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான்.

இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று. இன்ஜினில் 6 அங்குலப் புல்லி, கிளட்ச் தண்டில் 9 அங்குலப் புல்லி. ஆக கியர்பாக்ஸுக்குள் போவது 1000 சுற்று. கியர்பாக்ஸை நான் சாக்பீஸால் குறி போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். முதல் கியரில் இந்தப் பக்கம் 28 சுற்று சுற்றினால் அந்தப் பக்கம் 10 சுற்று. அதாவது 2.8. பின் ஆக்ஸிலைத் திறந்து பல்லை எண்ணினேன். பினியனில் 8, கிரவுனில் 43. கிட்டத்தட்ட 5.4. 1000-ஐ இரண்டாலும் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 66 சுற்று. சக்கரத்தைச் சுற்றி டேப் பிடித்தால் 3 மீட்டர். நிமிடத்துக்கு 200 மீட்டர், மணிக்கு 12 கிலோமீட்டர்!

உழவு டிராக்டர் கலப்பையோடு மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் போகும். இந்த வண்டி முதல் கியரிலேயே 12. ஜீப்பின் கியர்பாக்ஸ் ஜீப்புக்காகச் செய்தது. அதன் மேல் தப்பில்லை. டிராக்டர் சக்கரம் பெரிதாக இருந்ததும் வேகத்தைக் கூட்டிவிட்டது.

நொடிக்கு 3.3 மீட்டர் என்றால் இழுவை 750-ஐ 3.3-ஆல் வகுத்து 225 கிலோ. பெல்ட், பேரிங், கியர் உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கையில் நிற்பது 180 கிலோ.

தேவை எவ்வளவு? காயோடு டிரெய்லர் ஒன்றரை டன், வண்டி ஒரு டன், ஆக இரண்டரை டன். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்றால் எடையில் பத்தில் ஒரு பங்கு, 250 கிலோ. மண்தடத்தில் சக்கரம் உருளுவதற்கே நூற்றுக்கு எட்டுக் கிலோ வீதம் இன்னும் 200. மொத்தம் 450.

"மாப்ளே, வேணுங்கறது 450. இருக்கறது 180. இன்ஜின ரெண்டு மடங்கு ஆக்குனாலும் 360தான். காசு போயும் வண்டி ஏறாது" என்றேன். மச்சினன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை தெரிந்தது. அதை நான் ரசித்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

புல்லியை மாற்றி வேகத்தைக் குறைக்கலாமா என்று கேட்கலாம். இன்ஜின் புல்லியை ரொம்பச் சின்னதாக்கினால் பெல்ட் மடிந்து சூடாகி வழுக்கும். பெரிய புல்லியை இன்னும் பெரிதாக்கச் சட்டத்துக்குள் இடமில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் இருக்கும் கூடுதல் கியர் பெட்டி கிடைத்தால் நல்லது. அது கிடைக்கவில்லை. கோவை உக்கடம் பழைய இரும்பு மார்க்கெட்டில் அதே மாதிரி இன்னொரு ஜீப் கியர்பாக்ஸ் கிடைத்தது. ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையைச் சேர்த்துவிட்டால் 2.8 பெருக்கல் 2.8. வேகம் மணிக்கு 4.3 கிலோமீட்டர். இழுவை, கூடுதல் உராய்வு போக, 475 கிலோ.

சேர்ப்பதில்தான் வேலை. முதல் பெட்டியின் வெளித் தண்டில் ஒரு பிளாஞ்ச். இரண்டாவது பெட்டியின் உள்தண்டில் இருப்பதோ கிளட்ச் பிளேட் உட்காரும் வரிப்பல். ஒரு பழைய கிளட்ச் பிளேட்டின் நடுக் குடத்தை மட்டும் அறுத்து எடுத்து, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, பிளாஞ்சோடு போல்ட் போட்டேன். உள்தண்டின் மூக்கு ஆடாமல் இருக்க ஒரு பித்தளைப் புஷ். இரண்டு தண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பேரிங் ஒரு மாதம் தாங்காது. அதற்காக ஒரு நாள் முழுக்க நூல் பிடித்து, தகடு வைத்து, எடுத்து, மறுபடி வைத்தோம். மச்சினன் பையன் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். லீவு நாளெல்லாம் என் கூடவே இருந்தான். ஸ்பேனர் கேட்கும் முன்பே நம்பர் பார்த்து எடுத்துத் தருவான். பணிமனையில் எத்தனையோ அப்ரண்டிஸ்களைப் பார்த்திருக்கிறேன். இவனைப் போல் ஒருவன் வாய்த்ததில்லை.

இரண்டு பெட்டிக்கும் தலா மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ். பையன் ஒரு மாலை விளையாட்டாக இரண்டு குச்சியையும் ரிவர்ஸில் போட்டுக் கிளட்சை விட்டான். வண்டி முன்னால் நகர்ந்தது! கை கொட்டிச் சிரித்தோம். திருப்பியதைத் திருப்பினால் நேராகத்தானே வரும்! ரிவர்ஸின் விகிதம் 3.8. இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 14-க்கு மேல். வண்டி ஆமையாக ஊர்ந்தது. மணிக்கு 2.3 கிலோமீட்டர். கூடவே ரிவர்ஸ் கியருக்கே உரிய அழுகைச் சத்தம். "மாமா, இதுதானுங்க நம்ம யானை கியரு" என்றான் பையன். கணக்குப் போட்டேன். 850 கிலோவுக்கு மேல் இழுவை. வண்டியின் எடையே 980 கிலோ. இது எதற்கு உதவும் என்று யோசித்தேனே தவிர, இது எதை உடைக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

முதல் முறை காய் ஏற்றி விட்டபோது ஏற்றத்தின் நடுவில் பின்சக்கரம் நின்ற இடத்தில் சுற்றியது. இது எனக்குத் தெரிந்த சங்கதிதான். இன்ஜினிடம் இழுவை இருந்தால் மட்டும் போதாது, மண்ணைப் பிடிக்க வேண்டும். காய்ந்த கெட்டி மண்ணில் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் எடையில் பாதிக்குக் கொஞ்சம் கூட வரும். மணலில் அதுவும் வராது. நார் மில் எடை மேடையில் நிறுத்திப் பார்த்தோம். பின்சக்கரத்தில் 640 கிலோ. பாதிக்கு மேல் என்றால் 350. நமக்கு வேண்டியது 450.

பின் டயர்களில் தண்ணீர் நிரப்பினோம். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை தண்ணீர், மேலே காற்று. டிராக்டர்காரர்கள் காலம் காலமாகச் செய்வதுதான். சக்கரத்துக்கு நாலு குடம் பிடித்தது. டிரெய்லரில் காயைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஏற்றினோம், கொக்கியின் மேலும் பாரம் விழட்டும் என்று. அடுத்த தடவை கதம்பம் ஒரு முனகல் இல்லாமல் களத்துக்கு ஏறியது. மச்சினன் மனைவி திருஷ்டி கழித்துத் தேங்காய் உடைத்தார். அந்த வருடம் பொங்கலுக்கு மாட்டுக்குப் பதில் அதன் கொம்புக்கு, அதாவது புகைக்குழாய்க்கு, மாலை போட்டார்கள்.

மூன்று வருடம் அப்படியே ஓடியது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த கோடையில் எங்கள் பக்கம் தென்னை நின்ற இடத்திலேயே காய்ந்தது. மச்சினன் தோப்பில் மட்டும் அறுபது மரம். பிள்ளை மாதிரி வளர்த்ததை வெட்டிச் சாய்த்துவிட்டு அடிமரத்தை அப்படியே விடவும் முடியாது. மக்கும் தென்னை மரத்தில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். மீதி மரத்தையும் அது தின்றுவிடும். ஜே.சி.பி. வைத்தால் மணிக்கணக்கில் வாடகை. விளைச்சலே இல்லாத வருடம்.

"நம்ம கதம்பம் இருக்குதுங்களே" என்றான் பையன். படிப்பு முடித்து அப்பாவுக்கு உதவியாக வந்துவிட்டிருந்தான்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. கொத்துக் கொத்தாகப் பக்கவேர்தான். கடப்பாரையால் சுற்றிப் பறித்து, கோடாலியால் வேரை அறுத்துவிட்டு, அடிக்கட்டையில் சங்கிலி போட்டு யானை கியரில் இழுப்பது. பதினாலு கட்டை அப்படி வந்தது. பதினைந்தாவது வரவில்லை. ஓடையோரம் ஈரத்தில் நின்ற மரம், வேர் பிடிப்பு அதிகம். சங்கிலி தரையோடு தரையாக இழுத்ததால் கட்டை அசைந்து மண்ணை முட்டிக்கொண்டு நின்றது. சக்கரம் வழுக்கியது.

நான்தான் சொன்னேன். வேறு யாருமில்லை. "சங்கிலிய மேல கட்டிப் பாரு தம்பி. தூக்குனாப்ல இழுக்கும்."

சீட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது. அதில் கட்டினான். இரண்டு குச்சியும் ரிவர்ஸில். கிளட்சை விட்டான். சங்கிலி நாண் போல் விறைத்தது. ஒரு நொடி எதுவும் நகரவில்லை. அடுத்த நொடி வண்டியின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின.

அவ்வளவு மெதுவான கியரில் அவ்வளவு வேகமாக ஒன்று நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வாயைத் திறந்து கத்துவதற்குள் முன்பக்கம் என் தோள் உயரம் வந்துவிட்டது. பையன் மல்லாந்த மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அரை நொடி போயிருந்தால் இன்ஜினும் சட்டமும் அவன் மேல் கவிழ்ந்திருக்கும். அவன் கால் கிளட்சை மிதித்தது. வண்டி 'தொம்'மென்று முன்னால் விழுந்தது. ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதி, இடது மணிக்கட்டு முறிந்தது.

முந்தின நாள்தான் நான் அவனைத் திட்டியிருந்தேன். "காலக் கிளட்ச் மேலயே வெச்சிருக்காதடா, பிளேட்டு தேஞ்சு போகும்" என்று. நாற்பது வருடமாக எல்லா டிரைவருக்கும் சொல்லும் புத்திமதி. அன்றைக்கு அவன் அதைக் கேட்காமல் காலை அங்கேயே வைத்திருந்தான். என் பேச்சைக் கேட்டிருந்தால் பெடலைத் தேடுவதற்குள் முடிந்திருக்கும்.

பொள்ளாச்சியில் மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டி வந்தோம். மச்சினன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடுங்க மச்சான், நல்ல காலம்" என்றான். கேட்டிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். என் மனைவிக்கு அவன் சொந்தத் தம்பி மகன். தூக்கி வளர்த்தவள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, நின்னு போற வண்டிய நிக்காம ஓட வெச்சீங்க. செரி. நிக்க வேண்டிய எடத்துல நிக்கறதுக்கு என்ன பண்ணி வெச்சீங்க?"

கியரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பத்தேழு வருடம் நான் கேட்டுக்கொள்ளாத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். அன்று இரவு பழைய நோட்டை எடுத்து மறுபடி உட்கார்ந்தேன்.

முதலில் வண்டி எப்படி இருந்தது? பாரம் அதிகமானால் இன்ஜின் நின்றது. எரிச்சலாக இருந்தது, ஆனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் இரண்டாவது கியர்பாக்ஸைப் போட்டேன். இன்ஜின் நிற்பது போயிற்று. அதற்குப் பதில் சக்கரம் வழுக்கியது. அப்போதும் ஆபத்தில்லை. தண்ணீரை நிரப்பி அதையும் அடைத்தேன். இப்போது இன்ஜினும் நிற்காது, சக்கரமும் வழுக்காது, கட்டையும் வராது. இழுக்கிற விசை எங்கேதான் போகும்? பின் ஆக்ஸிலைப் பிடித்துக்கொண்டு வண்டியையே சுற்றப் பார்த்தது. சங்கிலி கொக்கியில், அச்சுக்குக் கீழே இருந்தவரை முன்பக்கம் தாக்குப்பிடித்தது. நான் மேலே கட்டச் சொன்னதும் நெம்புகோல் நீளமாகிவிட்டது.

நம் ஊர் மோட்டார் ரூமில் செய்வதுதான் இது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று மெல்லிய கம்பிக்குப் பதில் தடிமனான கம்பியைச் சுற்றிவிடுவார்கள். பிறகு பியூஸ் போகாது. ஒரு நாள் மோட்டார் காயிலே கருகிப் போகும். இன்ஜின் நிற்பதும் சக்கரம் வழுக்குவதும் கதம்பத்துக்கு இருந்த இரண்டு பியூஸ். நான் அவற்றைக் குறை என்று நினைத்து இரண்டையும் தடிமனாக்கினேன்.

பையனுக்குக் கட்டுப் பிரித்த பிறகு இரண்டாவது கியர்பாக்ஸைத் திறந்தோம். ரிவர்ஸுக்கான இடைக் கியரில் இரண்டு பல் மூளி. அது ஆச்சரியமே இல்லை. முதல் பெட்டிக்குள் போவது இன்ஜின் கொடுக்கிற முறுக்கு. இரண்டாவது பெட்டிக்குள் போவது அதைப் போல மூன்று நாலு மடங்கு. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தண்டும் பல்லும் அந்தப் பெருக்கின கணக்கைச் சுமக்கிறது. பெருக்கலை மட்டும் போட்டுப் பார்த்தேனே, அதைச் சுமப்பது யார் என்று பார்க்கவில்லை. அன்றைக்கு வண்டி தூக்கியிருக்காவிட்டால் அடுத்த வாரம் ஏற்றத்தின் நடுவில் அந்தப் பல் உடைந்திருக்கும். ஒன்றரை டன் டிரெய்லர் பின்னோக்கி உருண்டிருக்கும். அந்த மூளிக் கியரை இன்னும் மேசை மேல் வைத்திருக்கிறேன். காகிதம் பறக்காமல் இருக்கவும், எனக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்கவும் உதவுகிறது.

பிறகு நாங்கள் செய்தது இவ்வளவுதான்.

கொக்கியைத் தரையிலிருந்து 15 அங்குல உயரத்தில், பின் அச்சுக்குக் கீழே வைத்துப் பற்றவைத்தோம். சீட்டுக்குப் பின்னால் இருந்த குறுக்குக் கம்பியை அறுத்து எடுத்தோம். கம்பி இருந்தால் என்றைக்காவது ஒருவனுக்கு அதில் கட்டத் தோன்றும். முன்பக்கம் பழைய பிரேக் டிரம்களைப் போல்ட் போட்டு 60 கிலோ சேர்த்தோம். இரண்டாவது பெட்டியின் ரிவர்ஸ் இனி விழாதபடி குச்சியின் வழியில் ஒரு தகடு வைத்து அடைத்தோம். பின்னால் போக முதல் பெட்டியின் ரிவர்ஸ் போதும். யானை கியர் போயிற்று. பையனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பெல்ட்டை இழுவைக்குத் தேவையான அளவு மட்டும் முறுக்கி வைத்தோம். பாரம் மீறினால் பெல்ட் வழுக்கிக் கருகல் வாசனை வரும். வாசனை வந்தால் விட்டுவிட வேண்டும், பெல்ட்டை முறுக்கக் கூடாது. மூன்று பெல்ட்டின் விலை ஒரு கியர்பாக்ஸின் விலையை விடக் குறைவு. மனிதனின் விலையோடு ஒப்பிடவே வேண்டாம். டிரைவர் தலைக்கு மேல் கனமான குழாயில் ஒரு வளைவு வைத்தோம். கம்பெனி வண்டியில் வருவதைப் போல் சோதித்துப் பார்த்தது இல்லை அது. அதனால் அதை நம்பி எதையும் செய்யக் கூடாது என்று சொல்லியே வைத்தேன்.

மீதிக் கட்டைகளை ஜே.சி.பி. வைத்தே எடுத்தோம். வாடகையை நான் கொடுத்தேன். மச்சினன் வாங்க மாட்டேன் என்றான். "இது என் கணக்குல விட்டுப்போனது மாப்ளே" என்று கையில் திணித்தேன்.

இப்போது கதம்பத்தைப் பையன்தான் ஓட்டுகிறான். மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கும் போலிருக்கிறது, உதறிக்கொள்வான். என்னைப் பார்த்தால் கையைப் பின்னால் வைத்துக்கொள்வான். அவனுக்கு அந்தப் பண்பு உண்டு.

சென்ற மாதம் வந்த பையனுக்கும் பல் கணக்கு, புல்லிக் கணக்கு, டயருக்குத் தண்ணீர் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு தாள் எடுத்து இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஒன்று, கூட்டுகிற இழுவையைச் சுமக்கப் போவது யார்? இரண்டு, இழுக்க முடியாமல் போகும்போது முதலில் விட்டுக்கொடுக்கப் போவது எது? இந்த இரண்டுக்கும் பதில் எழுதிய பிறகு ஸ்பேனரை எடுக்கச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். கியர்பாக்ஸைக் காட்டப் பெருமையோடு மூடியைத் திறந்தான். நான் பின்னால் போய்க் குனிந்து, கொக்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்தேன். கீழே இருந்தது. அப்புறம்தான் அவன் கொடுத்த மோரைக் குடித்தேன்.